நின்றுகொண்டு பேசினால் சமமாகிவிடுவோமா?

மதுரையில் கே.கே.நகர், அண்ணாநகர், பைபாஸ் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பேருக்கும் குறைவான ஆட்களோடு நடக்கும் மென்பொருள் நிறுவனங்களைப் பார்க்கலாம். கீழே மருந்துக்கடையோ பேக்கரியோ இருக்கும். மாடியில் இரண்டு அறை, ஆறு மேசை, ஒரு தண்ணீர் கேன், ஒரு வெள்ளைப் பலகை. அந்தப் பலகையில் கட்டம் போட்டு மஞ்சள் சீட்டுகளை ஒட்டியிருந்தால், அங்கே ‘அஜைல்’ வந்துவிட்டது என்று பொருள்.

சாதி ஒழிப்புக்கும் மஞ்சள் சீட்டுக்கும் என்ன தொடர்பு என்று தோழர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. ஓர் அறையில் வேலை செய்யும் அனைவரும் சமமானவர்கள், அச்சமின்றிப் பேசக்கூடியவர்கள் என்ற நம்பிக்கையின் மீதுதான் அஜைல் முழுவதும் நிற்கிறது. அந்த நம்பிக்கை நம் மண்ணில் பொய். எனவே இங்கே அஜைல் ஒன்று வெறும் சடங்காக முடியும், அல்லது இதுவரை வாய் திறக்காதவர்கள் பேசுவதற்கு ஒரு கருவியாக மாறும். எதுவாக மாறும் என்பது அந்த முறையின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது.

முதலில் அஜைல் என்றால் என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 17 பேரும் ஆண்கள். ஆண்டுக்கணக்கில் திட்டம் போட்டு, மேலிருந்து கீழே உத்தரவு அனுப்பி மென்பொருள் செய்யும் பழைய முறை தோற்றுவிட்டது. சிறு குழுக்கள் தாங்களே வேலையைப் பகிர்ந்துகொண்டு, குறுகிய காலத் தவணைகளில் செய்து காட்டி, திருத்திக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். இதன் கீழ் அதிகம் புழங்கும் முறை ‘ஸ்க்ரம்’. 1986-இல் ஹிரோடாகா டாகேயுச்சியும் இகுஜிரோ நோனாகாவும் ஹோண்டா, கேனான் போன்ற ஜப்பானிய நிறுவனங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் ரக்பி ஆட்டத்தை உவமையாகக் காட்டினார்கள். ஸ்க்ரம் என்ற பெயருக்கு மூலம் அதுதான்.

ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு குழுவில் பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவானவர்களே இருக்க வேண்டும். குழுவுக்குள் மேல் கீழ் என்ற அடுக்கே கிடையாது. தினமும் 15 நிமிடம் கூடிப் பேச வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எனக்கு எது தடையாக இருக்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு ஒவ்வொருவரும் பதில் சொல்வது வழக்கம். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் பல இடங்களில் நின்றுகொண்டே பேசுவார்கள்.

என் முனைவர் பட்ட ஆய்வு தென் மாவட்டச் சிறு நிறுவனங்களில் வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்பது பற்றியது. அதற்காக மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் ஒன்பது பேர் கொண்ட ஒரு நிறுவனத்தோடு சில மாதங்கள் இருந்தேன். படிப்புக்கு இடையில் இரண்டாண்டு சென்னையில் இந்த வேலை பார்த்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால், தங்கள் குழுவில் அஜைல் முறையைக் கொண்டுவர உதவும்படி அவர்களே கேட்டார்கள். அங்கே கண்டதைத்தான் எழுதுகிறேன். அந்த நிறுவனம் மோசமான நிறுவனம் அல்ல, சராசரியான நிறுவனம். சிக்கலே அதுதான்.

சிறு நிறுவனம் எப்படி உருவாகிறது? முதலீடு அப்பாவின் நிலத்திலிருந்தோ மாமனாரின் கடையிலிருந்தோ வருகிறது. முதல் இரண்டு ஊழியர்கள் சித்தப்பா மகனும் கல்லூரி நண்பனும். முதல் வாடிக்கையாளர் சொந்தக்காரரின் கடை. விளம்பரம் கொடுத்து ஆள் எடுப்பதில்லை. “நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்” என்ற ஒரு வாக்கியத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த ‘நம்ம’ யார் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். இதில் யாரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளவில்லை. உள்ளே வரும் வழி சிலருக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கிறது, அவ்வளவுதான்.

விளம்பரம் கொடுத்து ஆள் எடுத்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதி, வெவ்வேறு பெயர் என்று விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்தார்கள். தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு உயர்சாதிப் பெயர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வு பெயரின் பின்னால் வரும் சாதியைச் சோதித்தது. தமிழ்நாட்டில் நாம் சாதிப் பெயரை ஒழித்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டிய சாதனைதான். ஆனால் பெயரில் இல்லாததை இங்கே ஊரில் தேடுகிறார்கள். “சொந்த ஊர் எது தம்பி?” “மேலூர்ப் பக்கம்.” “மேலூர்ல எங்க?” ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி, “ஊருக்குள்ளயா, காலனியா?” இந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவள் நான். கேட்பவர் முகம் எந்த நொடியில் மாறும் என்பது எனக்கு மனப்பாடம்.

அஜைலின் வேர் இருக்கும் ஜப்பானிலும் இதே கதைதான். புராக்கு மக்கள் அங்கே தொழிலின் பெயரால் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். பெயரிலோ முகத்திலோ வேறுபாடு தெரியாது. எனவே அவர்கள் வாழும் ஊர்ப் பெயர்களைத் தொகுத்து ரகசியப் பட்டியலாக விற்றார்கள். 1975-இல் அது அம்பலமானபோது, வேலைக்கு வருபவர்களை வடிகட்டுவதற்காக 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை வாங்கியிருந்தது தெரிந்தது. குழுவாகச் சேர்ந்து உழைப்பதில் உலகுக்கே பாடம் சொன்ன நாட்டில், அந்தக் குழுவுக்குள் யார் வரலாம் என்பதை ஊர்ப் பட்டியல் தீர்மானித்தது. மதுரையில் பட்டியலை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, தலைக்குள்ளேயே இருக்கிறது.

இப்படிச் சேர்ந்த ஒன்பது பேரை வட்டமாக நிற்க வைத்து, “இனி நாம் எல்லோரும் சமம், பேசுங்கள்” என்றால் என்ன நடக்கும்?

முதல் சிக்கல் மொழி. அஜைலின் ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே ‘யூ’. தமிழில் நீ, நீங்க, வாங்க, வாப்பா, வாடா என்று படிக்கட்டே இருக்கிறது. நான் பார்த்த குழுவில் நிறுவனர் ‘அண்ணே’. அவருடைய சித்தப்பா மகன் எல்லோரையும்விட வயதில் சிறியவர், அவருக்கும் ‘ங்க’. உசிலம்பட்டிப் பக்கத்து அருந்ததியர் குடும்பத்திலிருந்து வந்த, 29 வயதான, குழுவிலேயே அனுபவம் அதிகமுள்ள நிரலாளருக்கு ‘வாடா, போடா’. அதை அன்பு என்றார்கள். அன்பென்றால் திருப்பிச் சொல்ல உரிமை இருக்க வேண்டும். அவர் ஒருநாளும் திருப்பிச் சொன்னதில்லை. கூட்டத்தை ஆங்கிலத்தில் நடத்தினால் இந்தப் படிக்கட்டு மறையும், ஆனால் தமிழ்வழியில் படித்து வந்த நான்கு பேர் வாயடைத்து நின்றார்கள். எனவே கூட்டம் தமிழில், கூட்டத்துக்குள் அனைவருக்கும் ‘ங்க’ என்று ஒரு விதி வைத்தோம். முதல் வாரம் சிரிப்பு. இரண்டாம் வாரம் கிண்டல். மூன்றாம் வாரம் அந்த நிரலாளர் முதல்முறையாக, “இதை நீங்க தப்பா செஞ்சிருக்கீங்க” என்று நிறுவனரின் தம்பியிடம் சொன்னார். சுயமரியாதை இயக்கம் மொழியை ஏன் அத்தனை தீவிரமாக எடுத்துக்கொண்டது என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, யார் சொல்லுக்கு எடை அதிகம் என்பது. ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு தேவை என்று கணிக்க அஜைலில் சீட்டு முறை உண்டு. ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் முன்வைத்தது. ஒவ்வொருவர் கையிலும் 1, 2, 3, 5, 8, 13 என்று எண் எழுதிய சீட்டுகள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைத் திருப்பிக் காட்ட வேண்டும். மிகக் குறைந்த எண்ணைக் காட்டியவரும் மிக அதிக எண்ணைக் காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் பதவிக்குப் பயந்து செய்த ஏற்பாடு, இங்கே சாதிக்கும் பயன்படும். அதுவரை நிறுவனரின் தம்பி “ரெண்டு நாள் வேலைண்ணே” என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், கடைசியில் தாமதத்துக்குத் திட்டு வாங்குவது வேறொருவராக இருக்கும். சீட்டு வந்த முதல் நாளில் அவர் காட்டியது 2. மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்த பெண் காட்டியது 13. ஒவ்வொரு கடையும் ரசீதை ஒவ்வொரு மாதிரி கேட்கிறது, அத்தனையையும் சோதிக்க வேண்டும் என்று அவர் காரணம் சொன்னார். அந்த வேலை முடியப் பதினோரு நாள் ஆனது. அவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு அது முன்பே தெரியும். கேட்கத்தான் ஆள் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது, வேலைப் பகிர்வு. சாதி என்பது தொழிலைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, உழைப்பவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைக்கிறது என்று புரட்சியாளர் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். மென்பொருள் நிறுவனத்தில் அந்த அடுக்கு எப்படித் தெரியும்? பலகையில் தெரியும். மூன்று தவணைகள் முடிந்ததும் சீட்டுகளை ஆள்வாரியாக எண்ணிப் பார்த்தோம். புதிதாக ஒன்றை உருவாக்கும் வேலைகள் பெரும்பாலும் மூன்று பேரிடம். பழுது பார்ப்பது, வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் திட்டு வாங்குவது, கீழமாசி வீதிக் கடைகளுக்கு வெயிலில் அலைவது ஆகியவை திரும்பத் திரும்ப இரண்டு தலித் ஊழியர்களிடம். யாரும் அப்படி உத்தரவிடவில்லை. “தானா அமைஞ்சது” என்றார்கள். ஊரில் காலனி கூடத் தானாகத்தான் ஒதுக்குப்புறத்தில் அமைந்தது!

பலகையில் ஏறாத வேலைகளும் உண்டு. தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்குவது, தேநீர் வாங்கி வருவது, குவளை கழுவுவது, கழிவறை அடைத்துக்கொண்டால் ஆள் தேடுவது. இவற்றைச் செய்தவர்கள் இரண்டு பெண்களும் அந்த உசிலம்பட்டி நிரலாளரும். இவற்றையும் சீட்டில் எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னேன். “இதெல்லாம் எதுக்கு போர்டுல?” என்று கேள்வி வந்தது. வேலை என்றால் பலகையில் இருக்க வேண்டும், வேலை இல்லையென்றால் யாரும் செய்யத் தேவையில்லை என்றேன். ஒட்டினார்கள். சுற்றுமுறையில் எல்லோரும் செய்வது என்று முடிவானது. நிறுவனர் இரண்டுமுறை குவளை கழுவினார். அவருடைய தம்பியின் முறை வந்தபோதெல்லாம் அவருக்கு வெளியே வேலை வந்தது. கடைசிவரை அந்தச் சீட்டு நகரவில்லை. ஆனால் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. முன்பு அதுவும் இல்லை.

தவணை முடிவில் ‘பின்னோக்குக் கூட்டம்’ ஒன்று நடத்துவார்கள். எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவதற்கு. இதற்கு நார்மன் கெர்த் வகுத்த ஓர் அடிப்படை விதி புகழ்பெற்றது. அன்றைய சூழலில் ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைச் சிறப்பாகவே செய்தார்கள் என்று நம்பித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது அதன் கருத்து. மென்பொருள் பிழைக்கு இது நல்ல விதி. சாதி இழிவுக்கு இது மூடி. “அவன் மனசுல ஒண்ணும் இல்ல, சும்மா சொன்னான்” என்று நம்மிடம் காலம்காலமாகச் சொல்லப்படும் சமாதானத்தின் நாகரிகமான வடிவம். எனவே இரண்டையும் பிரித்தாக வேண்டும். பிழை செய்தவரைக் குற்றவாளியாக்கக் கூடாது. இழிவு செய்தவரைப் பிழை செய்தவராகவும் ஆக்கக் கூடாது.

பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அதிகாரம் தானே வந்துவிடும் என்று அஜைல் பயிற்சியாளர்கள் நம்புகிறார்கள். மதுரை மாவட்டத்துக்காரர்கள் அப்படி நம்ப முடியாது. 1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்தாண்டுகள் ஒரு தலித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை. வேட்புமனு போட ஆள் இருக்காது, போட்டு வென்றவர் உடனே பதவி விலகுவார். சட்டம் இருந்தது, பதவி இருந்தது, நாற்காலி இருந்தது. 2006-இல் அது முடிவுக்கு வந்ததற்குக் காரணம் யாரும் மனம் திருந்தியது அல்ல. இயக்கங்கள் தொடர்ந்து போராடின, அரசு முடிவெடுத்தது, அன்றைய ஆட்சியர் த.உதயச்சந்திரன் ஊர் ஊராக இறங்கி வேலை செய்தார். ஏட்டில் உள்ள சமத்துவம் நடைமுறைக்கு வர வெளியிலிருந்து ஒரு பலம் தேவை. ஒன்பது பேர் அறைக்கும் அதே விதிதான்.

அந்த வெளிப் பலம் இன்று இருக்கிறதா? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தால் உள்புகார்க் குழு கட்டாயம். அதற்கும் குறைவென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சாதிக்கு அப்படி ஒரு குழு கட்டாயமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தியது பொதுப்பார்வையில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. வெளியார் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. மாடி அறைக்குள் நடக்கும் காலைக் கூட்டத்தில் வெளியார் யார் இருக்கப் போகிறார்கள்?

பெரிய நிறுவனங்களில் இது இல்லை என்று யாரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். 2020 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் என்பதை மேலாளர் மற்றவர்களிடம் சொன்னார், புகார் செய்ததும் அவர் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. 2023-இல் இரு மேலாளர்கள் மீதான வழக்கு மட்டும் திரும்பப் பெறப்பட்டது. அதே 2023-இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நியூசம் நிராகரித்தார். அமெரிக்காவில் இந்த அளவுக்கு விவாதம் நடந்திருக்கிறது. மதுரையில் அந்தச் சொல்லையே அலுவலகத்தில் உச்சரிக்க முடியவில்லை.

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “நிம்மதியா இருக்கிற ஆபீசுல நீங்கதான் சாதியைக் கொண்டு வர்றீங்க” என்பது முதலாவது. ஏற்கெனவே சாதி பார்த்து ஆள் எடுத்து, சாதி பார்த்து வேலை பிரித்து, சாதி பார்த்து ‘டா’ போட்ட இடத்துக்கு நான் கொண்டு வந்தது சாதியை அல்ல, அதை எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை.

இரண்டாவது வாதம் நம் தோழர்களிடமிருந்து வருவது. அஜைலே முதலாளிகளின் தந்திரம், தினமும் ஆஜர் எடுத்து இரண்டு வாரத்துக்கு ஒரு கெடு வைத்துச் சாறு பிழிவதற்கான வழி, அதைப் போய் ஏன் சீர்திருத்த வேண்டும் என்கிறார்கள். அப்படிப் பிழியும் நிறுவனங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேநீர்க்கடையை முதலாளி நடத்துகிறார் என்பதற்காக இரட்டைக் குவளையை எதிர்க்காமல் இருந்தோமா? நம் பிள்ளைகள் முதல் தலைமுறைப் பட்டதாரிகளாக இந்த மாடி அறைகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். புரட்சி வரும்வரை குவளையை அவர்களே கழுவட்டும் என்று விட முடியாது.

எனவே சில கோரிக்கைகள். 2016-இல் ஒன்றிய அரசு தலித், பழங்குடியினர், பெண் தொழில்முனைவோருக்கு ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ கடன் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு அரசு 2022-இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் புத்தொழில் நிறுவனங்களில் முதலீடு செய்யத் தனி நிதியம் ஏற்படுத்தியது. நிறுவனம் தொடங்குபவருக்கு இவை கை கொடுத்திருக்கின்றன, வரவேற்போம். ஆனால் மற்றவர் நிறுவனத்தில் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளை இவை எட்டுவதில்லை. அரசின் புத்தொழில் நிதியோ, இடமோ, சலுகையோ பெறும் எந்த நிறுவனமும் எழுத்துவடிவில் சாதிப் பாகுபாட்டுத் தடை விதி வைத்திருக்க வேண்டும், ஆள் தேவையை வெளிப்படையாக விளம்பரம் செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. பணம் கொடுப்பவர் போடும் நிபந்தனை போதும். பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனங்களின் ஊழியர்கள் சாதிப் புகாரோடு போக மாவட்ட அளவில் ஒரு குழு வேண்டும், பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு இருப்பதைப் போல.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. இந்த நிறுவனங்களில் வேலை செய்யும் தோழர்களுக்குச் சொல்கிறேன். காலைக் கூட்டத்தில் அனைவருக்கும் ‘ங்க’ கேளுங்கள். கணிப்பைச் சீட்டில் கேளுங்கள். பலகைச் சீட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள்வாரியாக எண்ணுங்கள்; எண்ணிக்கையோடு பேசினால் “நீ அதிகமா யோசிக்கிற” என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. தண்ணீர் கேனையும் குவளையையும் பலகையில் ஏற்றுங்கள். ஒருவரே பேசினால் வேலை போகும், இரண்டு மூன்று பேராகப் பேசுங்கள்.

நான் பார்த்த அந்த உசிலம்பட்டி நிரலாளர் இப்போது கோவையில் வேறு நிறுவனத்தில் இருக்கிறார். மதுரை நிறுவனம் தன் சிறந்த ஆளை இழந்தது. கிளம்பும் முன் கடைசிக் கூட்டத்தில், எது தடை என்ற மூன்றாவது கேள்விக்கு அவர் சொன்ன பதில்: “தடை என்னன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்ங்க.” அந்தக் கேள்வி தினமும் மதுரையின் நூறு மாடிகளில் கேட்கப்படுகிறது. அதற்கு உண்மையான பதில் சொன்னால் வேலை போகாது என்ற நிலையை உருவாக்குவது நம் இயக்கத்தின் வேலை.